பெயர் வெட்டிய விளக்கு

நீங்கள் எழுதுகிற ஆள் இல்லையே? முதலில் அதைச் சொல்லுங்கள். வாடகை, தண்ணீர், கரண்டு மீட்டர் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

டிராக்டர் கம்பெனியா. நல்லது. கதை, கவிதை ஒன்றும் கிடையாதே? பேப்பர் படிப்பீர்கள், அவ்வளவுதானே? பேப்பருக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நானும் படிக்கிறவன்தான். அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள், எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் படிப்பேன்.

வாருங்கள், மாடியைப் பாருங்கள். படி செங்குத்து, பார்த்து ஏறுங்கள். எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ததிலிருந்து மெதுவாகத்தான் ஏற முடிகிறது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு காரியமாகத்தான் சொல்கிறேன்.

இதுதான் அறை. காற்றுக்குக் குறைவில்லை. சுவரைப் பார்க்காதீர்கள், வெள்ளையடித்துத் தருகிறேன். அந்தத் தடமெல்லாம் பசை. முன்னால் இருந்த பிள்ளை ஒட்டினது. ஒரு புத்தகம் படித்து முடித்தால் ஒரு துண்டுத் தாளில் அதன் பெயரை எழுதி ஒட்டிவிடுவாள். போன வருஷம் பொங்கல் கழிந்து குடிவந்தாள். கதவுக்குப் பக்கத்தில் ஆரம்பித்தாள். ஆடி மாதத்தில் ஜன்னலைத் தாண்டிவிட்டாள். இதோ, இந்த அலமாரி வரைக்கும் வந்திருக்கிறது பாருங்கள். அந்தப் பக்கம் சுவர் சுத்தம். அதற்கு மேல் அவள் ஒட்டவில்லை. போகும்போது ஒன்றைக்கூடக் கிழிக்காமல் உரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பசையை எனக்கு விட்டுவிட்டாள்.

சுடர்விழி என்று பெயர். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரி விட்டால் நூலகம், நூலகம் விட்டால் வீடு. துணிப்பையில் புத்தகத்தை அடுக்கிக்கொண்டு வருவாள், ஏதோ காய்கறி வாங்கிவருகிறவள் மாதிரி. மொட்டை மாடியில் நடந்துகொண்டே படிப்பாள். மோட்டாரைப் போட்டுவிட்டுப் படிப்பாள். அதுதான் எனக்கு ஆகாது.

"பாப்பா, தண்ணி தெருவுல ஓடுது."

"ஒரு பக்கந்தான் ஐயா பாக்கி."

ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது என்று தொட்டி காத்திருக்குமா? எதிர்வீட்டுக்காரன் அந்தத் தண்ணீரில் வாழை வைத்துவிட்டான். இப்போது தார் போட்டிருக்கிறது. எனக்கு ஒரு சீப்புகூடக் கொடுக்கவில்லை, அது வேறு கதை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தெரியும். நாம் பேசினால் கையிலிருக்கிற புத்தகத்தை மூடிவிடும். விரலைக்கூட அடையாளத்துக்கு நடுவில் வைக்காது. அப்படி மூடிவிட்டு என் முகத்தைப் பார்க்கும். என் வீட்டுக்காரி ஒரு நாள் சொன்னாள், "அவகிட்ட பேசுறதுல பாதி என்கிட்ட பேசியிருந்தா நம்ம குடும்பம் எப்பவோ உருப்பட்டிருக்கும்." அவள் எங்கே கேட்டாள்? நான் வாயைத் திறந்தாலே ரசத்தைக் கொதிக்க வைக்கப் போய்விடுவாள்.

சுடர்விழி கதையும் எழுதுவாள், எழுதினதை எனக்கு வாசித்துக் காட்டுவாள். "வாய்விட்டு வாசிச்சாத்தான் ஐயா எங்க இடறுதுன்னு தெரியுது" என்பாள். நான் மாவு மில் வைத்திருந்தவன். இப்போது கீழே பூட்டிக் கிடக்கிறதே, அதுதான். மிளகாய் அரைக்கிற அன்றைக்கு எந்த வீட்டுப் பொம்பளை எந்த வீட்டுப் பொம்பளையோடு பேசமாட்டாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொன்னேன். கதையாக எழுதிவிட்டாள். பத்திரிகையில் வந்தது. நான் சொன்ன வார்த்தை அப்படியே அச்சில் இருந்தது. பக்கத்தில் மில் மாதிரி ஒரு படம்கூடப் போட்டிருந்தார்கள், பெல்ட்டைத் தப்பாக வரைந்துவிட்டார்கள். பரவாயில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருத்தர் என் பேச்சை எழுதி வைத்திருக்கிறார் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

நீங்கள் அந்தக் கட்டிலில் உட்காருங்கள். நான் நிற்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

வைகாசியிலோ ஆனியிலோ ஒரு நாள் கேட்டாள். "ஐயா, உங்களுக்கு ரொம்ப நாளா மனசுல ஆறாம இருக்குற விஷயம் ஏதாவது இருக்கா?"

நீங்களே சொல்லுங்கள், இது ஒரு மனுஷனிடம் கேட்கிற கேள்வியா? வாய் நுனியில் தயாராக வைத்திருந்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? என் அண்ணன் குருசாமி கடைத்தெரு தாண்டி, தேரடிக்குப் பின்னால் இருக்கிறான். முப்பது வருஷமாக நானும் அவனும் பேசுவதென்றால் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" அவ்வளவுதான். சொத்துத் தகராறு கிடையாது. வரப்புச் சண்டை கிடையாது. அதனால் யாரிடம் சொல்வது?

எங்கள் அக்கா மகளுக்குச் சடங்கு. நாங்கள் தாய்மாமன்மார் இரண்டு பேர். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் குத்துவிளக்கு இல்லாமல் கிடையாது. அதில் கொடுத்தவர் பெயரை வெட்டியிருக்க வேண்டும். தட்டு, தாம்பாளம், தூக்குவாளி எல்லாவற்றிலும் வெட்டுவோம். சடங்கு வீட்டில் பொம்பளைகள் முதலில் பெண்ணைப் பார்க்கமாட்டார்கள். விளக்கைத் திருப்பிப் பார்ப்பார்கள், யார் பெயர் இருக்கிறது என்று.

அவளுக்கு நான் சொன்ன கதை இதுதான். அண்ணன், தம்பி இரண்டு பேர். அண்ணனுக்கு இடது கையில் ஆறு விரல். சீர் செய்யக் கையில் காசில்லை. பந்தல் கடையில் விளக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அதில் பந்தல் கடைப் பெயர் வெட்டியிருக்கிறது. பெயர் இருக்கிற பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்திலேயே காவல் மாதிரி நின்றுகொண்டிருந்தான். மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்காவிடம் பிறகு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் நினைப்பு. தம்பி அதைப் பார்த்துவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. விடியுமுன்னே பாத்திரக்கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி, புது விளக்கு வாங்கி, அண்ணன் பெயரை வெட்டி, அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தத் தம்பி நீங்களா ஐயா?"

சிரித்தேன். சிரிப்பதற்கு எத்தனையோ அர்த்தம் இருக்கிறது. அவளாக ஒன்றை எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

"எவ்வளவு பெரிய மனசு ஐயா உங்களுக்கு" என்றாள்.

அப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எழுதி வாசித்துக் காட்டினாள். அண்ணனுக்குக் கந்தையா என்று பெயர் வைத்திருந்தாள். "பேர மாத்திட்டேன் ஐயா. விரலையும் எடுத்துரவா? ஆள் தெரிஞ்சிரும்ல?" என்று கேட்டாள்.

"விரல் இருக்கட்டும் பாப்பா" என்றேன். "அந்த ஆறாவது விரல வச்சுத்தான் வெளக்கச் சுவத்துப் பக்கமாத் தள்ளினான்னு போடு."

அது கதைக்கு நன்றாக இருந்தது. கதைக்காகத்தான் சொன்னேன்.

ஆடி மாதப் பத்திரிகையில் வந்தது. நான் நாலைந்து பிரதி வாங்கினேன். ஒன்றை டீக்கடை பெஞ்சில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்னொன்றை முடிவெட்டுகிற கடையில். வயசானால் மறதி வரத்தானே செய்யும். வைத்த பக்கம் விரித்தபடி இருந்ததா என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை.

ஊரில் யாருக்கு ஆறு விரல் இருக்கிறது? ஒரே ஒருத்தனுக்குத்தான். ஆவணியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எங்கள் வகையறாவில் எந்தக் கல்யாணமானாலும் குருசாமி அண்ணன்தான் முன்னால் நிற்பான். பெண்வீட்டார் என்ன செய்ய வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் எப்போது எழுந்திருக்க வேண்டும், எல்லாம் அவன் சொல்வதுதான். அன்றைக்கும் தாலித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மணவறைக்கு ஏறினான். விளக்குத் திரி சாய்ந்திருந்தது. சரிசெய்யக் குனிந்தான். கூட்டத்தில் ஒரு பையன், "பெரியப்பா, வெளக்க கொஞ்சம் திருப்புங்க, பேரு தெரியட்டும்" என்றான்.

சிரித்தார்கள். எல்லாரும்தான். ஐயர்கூடச் சிரித்தார், அவருக்கு விஷயம் தெரியாது, கூட்டம் சிரித்ததால் சிரித்தார்.

அண்ணன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். யாரையோ தேடுகிறான் என்று தெரிந்தது. நான் தூண் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்திவிட்டான். கோபமாகப் பார்த்தான் என்றால் சரி. அப்படியும் பார்க்கவில்லை. தட்டைத் தன் மகன் கையில் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போனான். நான் இருந்து சாப்பிட்டேன். நானும் எழுந்து போயிருந்தால் ஏதோ நான்தான் செய்தேன் என்று நினைப்பார்கள் இல்லையா?

இவ்வளவும் இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுவரில் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் எங்கள் அக்கா வந்தாள். பேச்சியம்மாள், புளியங்குடியில் இருக்கிறாள். எழுபதைத் தாண்டினவள். சாக்கில் சுற்றின கனத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கி, யாரோ ஒரு ஆட்டோக்காரனைத் தூக்கச் சொல்லி, என் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே மாடி ஏறிவிட்டாள். நான் பின்னால் ஏறி வருவதற்குள் சாக்கை அவிழ்த்துவிட்டாள்.

"நீதான் எழுதுற பொண்ணா?"

"ஆமாம்மா, உக்காருங்க."

"உக்கார வரல. என் பேத்தி ஒன் கதைய வாசிச்சுக் காட்டினா. நீ நெறைய படிப்பியாமே. இதப் படி."

விளக்கு அங்கே நின்றது, நீங்கள் இப்போது கால் வைத்திருக்கிற இடத்தில். அந்தப் பிள்ளை துப்பட்டாவால் தண்டைத் துடைத்துவிட்டு எழுத்தைத் தேடிப் படித்தாள். "மு. வெயிலுமுத்து." பிறகு என்னைப் பார்த்தாள். "உங்க பேரு ஐயா."

"அண்ணன் பேர வெட்டினாங்கன்னுல்ல எழுதியிருக்க? எந்த அண்ணன் பேரு இது?" என்றாள் அக்கா. "வாடகை வெளக்கத் தூக்கிட்டு வந்து சுவத்துப் பக்கம் திருப்பி வச்சவன் இந்தா நிக்கான். புதுசு வாங்கி இவன் பேர வெட்டி வச்சவரு குருசாமி அண்ணன். அன்னைக்கு என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. 'தம்பிகிட்ட இதப் பத்திப் பேசிராத தாயி, அவன் தாங்கமாட்டான்'னு. இத்தன வருசம் நான் வாயத் தொறக்கல."

நான், "கதைன்னா கொஞ்சம் மாத்தித்தான்க்கா சொல்லணும்" என்றேன்.

"இவன் பேரு போட்டது இவன் வீட்டுலயே கிடக்கட்டும்" என்று அக்கா விளக்கை விட்டுவிட்டு இறங்கினாள். என் வீட்டுக்காரி செம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றாள். ஒரு வாய் குடிக்கவில்லை.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். என் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். சடங்குக்கு மறுநாள் காலையில் நான் வாடகை விளக்கை எடுக்கப் போகிறேன். அங்கே புது விளக்கு நிற்கிறது, என் பெயரோடு. பந்தல் கடைக்குப் போனால், "உங்க அண்ணன் வெளக்கக் குடுத்துட்டுப் போயிட்டாரே" என்கிறான். நான் அண்ணனிடம் போய் என்ன சொல்வது? அவனாகச் சொல்வான் என்று இருந்தேன். ஒரு நாள் திட்டுவான், ஒரு நாள் குத்திக் காட்டுவான், நாலு பேர் மத்தியில் சொல்லிக் காட்டுவான் என்று இருந்தேன். சொல்லவே இல்லை. முப்பது வருஷம். ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், இன்றைக்குச் சொல்லிவிடுவானோ என்று. அன்றைக்கே என்னை ஓர் அறை அறைந்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவன் நல்லவனாக இருந்துகொண்டான். நான் என்ன ஆவது?

சரி, அதை விடுங்கள்.

அந்தப் பிள்ளை அன்றைக்கு வெகுநேரம் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ஐயா, வாங்க, ரெண்டு பேருமாப் போயி உங்க அண்ணனப் பார்த்துட்டு வருவோம்" என்றாள்.

"நான் எதுக்கு? எழுதினது நீதானே" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். வாயில் வந்துவிட்டது.

அவள் தனியாகப் போனாள். திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே நின்றேன், மீட்டர் பார்க்கிற மாதிரி. "என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"காபி கொடுத்தாங்க. என்ன புஸ்தகம் படிக்கிறேன்னு கேட்டாங்க."

"வேற?"

"'தம்பிக்கு ஆபரேஷன் பண்ணினாங்களாமே, இப்ப நல்லா நடக்கானா'ன்னு கேட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சுவரில் தாள் ஒட்டவில்லை. மாடியில் நடக்கிற சத்தம் இல்லை. எனக்கு வாசித்துக் காட்டவும் இல்லை. மோட்டாரைப் போட்டால் பக்கத்திலேயே நின்று, தொட்டி நிறைந்ததும் அணைத்துவிடுவாள். ஒரு சொட்டு வழியவில்லை. நான் இத்தனை நாள் கத்தினது அதற்காகத்தான். ஆனால் தொட்டி வழியாதபோது, என்னவோ, நான் கீழே படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மார்கழியில் அந்தப் பத்திரிகைக்காரர்கள் புதிதாக எழுத வந்த பிள்ளைகளிடம், இந்த வருஷம் என்ன படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவளும் எழுதியிருந்தாள். எனக்கு ஒரு பிரதி வைத்துவிட்டுப் போனாள். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. இன்ன புத்தகம் படித்தேன், ஆஸ்பத்திரியில் வரிசை குறைகிற நேரத்தில் இதைப் படித்தேன், தொட்டி வழிய வழிய இதைப் படித்தேன், வீட்டுக்காரர் திட்டினார் என்றெல்லாம் எழுதியிருக்கிறாள். படிக்கும்போது சிரிப்பு வந்தது. மாவு மில் கதையைப் பற்றி எழுதியிருக்கிறாள், அதில் உள்ள நல்ல வரியெல்லாம் இன்னொருவர் சொன்னது என்று. கடைசியில் விளக்குக் கதை. அது எனக்கு மனப்பாடம். "இந்த வருஷம் நான் எழுதியதில் ஒரு கதையைப் புத்தகத்தில் சேர்க்கப்போவதில்லை. அதை ஒருவரிடம் கேட்டேன், இன்னொருவரிடம் கேட்காமல் எழுதிவிட்டேன். சொன்னவர்மேல் பிழையில்லை. நான்தான் தவறாகக் கேட்டுவிட்டேன்."

தவறாகக் கேட்டாளாம். கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கண் கொட்டாமல் கேட்டவள் அவள். ஒரு சொல் தவறாகக் கேட்கவில்லை. நான் சொன்னது சொன்னபடி எழுதினாள். பிறகு யார் அவளை அப்படி எழுதச் சொன்னது? அண்ணன் ஒரு தடவை மூடினான். இப்போது இவள். ஒரு மனுஷனை இவர்கள் இப்படி எத்தனை தடவை மூடி மூடி வைப்பார்கள்?

தை பிறந்ததும் ஊர்ப்பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சாவியைக் கொடுக்கும்போது, "மோட்டார் சுவிட்ச் லூசா இருக்கு ஐயா, ஷாக் அடிக்கும், மாத்திருங்க" என்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் படிவரைக்கும் வந்தேன்.

சுவிட்சை மாற்றிவிட்டேன். நீங்கள் பயப்பட வேண்டாம்.

போன வாரம் அண்ணன் மகன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். அண்ணன் பேத்திக்குப் பங்குனியில் கல்யாணம். எங்கள் வீடுகளுக்கு எப்போதும் அண்ணன்தான் தட்டோடு வருவான். "அப்பா வரலியா?" என்று கேட்டேன்.

"அப்பா எங்கயும் போறதில்ல சித்தப்பா. கல்யாணத்துல மணமேடைப் பக்கமே வரமாட்டேன், நீங்களே நடத்திக்கோங்கன்னுட்டாங்க. நீங்க வந்து கொஞ்சம் சொன்னா கேப்பாங்க."

என்னைப் போய்ச் சொல்லச் சொல்கிறான். அவனுக்கு விஷயம் தெரியாது. அண்ணன் இவனிடமும் சொல்லவில்லை.

சாக்கைக் கொஞ்சம் விலக்குங்கள். அதுதான் விளக்கு. புளி போட்டுத் தேய்த்தேன், இரண்டு நாளாக. என் வீட்டுக்காரி, "எதுக்கு இப்ப?" என்று கேட்டாள். சும்மா என்றேன். இந்தப் பக்கம் பாருங்கள், எழுத்து தெரிகிறதா? மு. வெயிலுமுத்து. நன்றாக ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வெட்டு.

அறை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? அட்வான்ஸ் ஒன்றும் அவசரமில்லை. எனக்கு ஒரு உதவி மட்டும் செய்ய வேண்டும். இதை நான் ஒருத்தனாகத் தூக்க முடியாது, டாக்டர் சொன்னதைச் சொன்னேனே. நீங்கள் அடிப்பக்கம் பிடித்துக்கொண்டால் நான் மேலே பிடித்துக்கொள்வேன். ஆட்டோ வேண்டாம். கடைத்தெரு வழியாக நடந்தே போகலாம். பெயர் இருக்கிற பக்கம் வெளியே இருக்கட்டும். டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், "யார் வெளக்குப்பா?" என்று கட்டாயம் கேட்பார்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். எனக்கு அங்கே கொஞ்சம் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும். நான் சொல்லிக்கொள்கிறேன். முடிவெட்டுகிற கடையிலும் ஒரு தடவை நிற்க வேண்டியிருக்கும்.

அண்ணன் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாம். உள்ளே நான் வரமாட்டேன், அவனோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை. காபி கொடுத்தால் நீங்கள் குடித்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் பிடியுங்கள். படியில் நீங்கள் முன்னால் இறங்குங்கள்.

ஒன்று கேட்டேனே, நீங்கள் எழுதுகிற ஆள் இல்லையே? இருந்தாலும் பரவாயில்லை. எழுதினால் பேரை மட்டும் மாற்றாதீர்கள்.